பிணை கிடைத்தது, பாஸ்போர்ட் நீதிமன்றத்தில்: வழக்கு இழுக்கும்போது வெளிநாட்டவர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கலங்கரை

வணக்கம். வேலை அனுமதியில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் தன்னார்வலர்களுக்காக ஒரு கையேடு தயாராகிறது. அடிக்கடி வரும் ஒரு நிலையை வைத்துக் கேட்கிறேன். எந்த நாடு என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. சட்டப் பிரிவின் எண் மாறலாம், ஆனால் ஆட்கள் சறுக்கி விழும் இடங்கள் எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

தங்கும் அறையில் கைகலப்பு. ஒருவருக்குக் காயம், புகார், கைது. காவல் நிலையத்தில் அந்நாட்டு மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் படிக்கத் தெரியாமலே கையெழுத்து. நான்காம் நாள் பிணை. பாஸ்போர்ட் நீதிமன்றத்தில், கூடவே பயணத் தடை. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று மூன்று வாய்தா போயாயிற்று. வேலை அனுமதி முடிய இன்னும் ஐந்து மாதம். நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயங்குகிறது.

1. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். சரியா?
2. கையெழுத்திட்ட வாக்குமூலத்தை இனி என்ன செய்ய முடியும்?
3. தூதரகத்துக்குத் தகவல் போனதா என்றே தெரியவில்லை. இப்போது சொல்லிப் பயன் உண்டா?
4. வழக்கு முடியுமுன் விசா முடிந்தால் என்ன ஆகும்?
5. ஊரில் பெற்றோருக்கு உடல்நிலை மோசமானால் போய்வர வழி இருக்கிறதா? வழக்கை வேகப்படுத்த முடியுமா?

தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் பலருக்கு உதவும்.

பதில் 1: வக்காலத்து

கலங்கரை, முதல் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அதிகம் பேர் கெடுவது அங்கேதான்.

உள்ளூர்க்காரருக்கு இது ஒரு வழக்கு. வெளிநாட்டவருக்கு இரண்டு கோப்பு. ஒன்று நீதிமன்றத்தில், மற்றொன்று குடிவரவுத் துறையில். முதல் கோப்பு ஐந்நூறு அபராதத்தோடு மூடப்படலாம். அந்தத் தீர்ப்பின் நகல் இரண்டாம் கோப்புக்குள் போனதும் விசா ரத்து, நாடுகடத்தல், மறுபடி நுழையத் தடை என்று அது தன் பாட்டுக்கு ஓடும். ‘அபராதத்தோடு போச்சு’ என்று சொல்லிக் கொடுப்பவர் முதல் கோப்பை மட்டும் பார்த்துச் சொல்கிறார்.

சில நாடுகளின் சட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். பிரிட்டனில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவருக்கு, சில விலக்குகள் தவிர, நாடுகடத்தல் தானாகவே வரும். ஆஸ்திரேலியாவில் அதே 12 மாத அளவில் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவரின் விசாவை ரத்து செய்வது 2014 கடைசியிலிருந்து கட்டாயம். கனடாவில் குடித்துவிட்டு வண்டி ஓட்டும் குற்றத்தின் உச்சத் தண்டனை 2018 டிசம்பரில் 10 ஆண்டாக உயர்ந்தது. அந்த ஒரு மாற்றத்தால் அது குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் ‘கடுங்குற்றம்’ ஆகிவிட்டது. ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாமல் அபராதம் மட்டும் கட்டிய நிரந்தரவாசிகூட அதில் மாட்டலாம். அங்கே கணக்கில் வருவது கிடைத்த தண்டனை மட்டுமல்ல, கிடைத்திருக்கக்கூடிய உச்சத் தண்டனையும்தான். அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் இன்னும் ஒரு படி மேல். குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்தாலே அது ‘தண்டிக்கப்பட்டவர்’ என்ற கணக்கில் சேரும். தீர்ப்பை நிறுத்திவைத்திருக்கிறோம் என்று மாநில நீதிமன்றம் சொன்னாலும் அதுவேதான்.

ஒப்புக்கொள்வதால் நாடுகடத்தல் வருமா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. எல்லா நாட்டிலும் அந்தக் கடமை இல்லை. நாமாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று. குற்றப்பத்திரிகையில் இருக்கும் பிரிவின் உச்சத் தண்டனை என்ன? இதே சம்பவத்துக்குப் பொருந்தும் சின்னப் பிரிவு ஏதாவது உண்டா? இந்தப் பிரிவில் தண்டனை பெற்றால் விசாவைப் புதுப்பிக்க முடியுமா? மூன்றாவதற்குக் குடிவரவுச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்த ஒரு பக்கக் கடிதத்துக்கு ஆகும் செலவு வீண் செலவு அல்ல.

சமரசம் பற்றி. காயம்பட்டவர் புகாரை வாபஸ் வாங்கிவிட்டால் வழக்கு போய்விடும் என்று நம்புகிறார்கள். பல நாடுகளில் வழக்கை நடத்துவது அரசு. புகார்தாரர் விலகினாலும் அரசு வழக்கறிஞர் தொடரலாம். அதைவிட ஆபத்து, சமரசம் பேச நேரில் போவது. புகார்தாரரோடும் சாட்சிகளோடும் தொடர்பு கூடாது என்பது பெரும்பாலான பிணை உத்தரவில் உண்டு. ‘மன்னித்துவிடு அண்ணா’ என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பினாலும் சாட்சியைக் கலைத்ததாகப் புதுக் குற்றம் சேரும், பிணையும் போகும். பேச்சு நடக்கட்டும், ஆனால் இரு தரப்பு வழக்கறிஞர் வழியாக மட்டும் நடக்கட்டும். ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் என்றால் பிணை கிடைத்த அன்றே தங்குமிடம் மாற வேண்டும். மாறிய முகவரியை நீதிமன்றம், காவல் நிலையம், குடிவரவுத் துறை மூன்றுக்கும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய முகவரிக்குப் போன சம்மன் கைக்கு வராமல், வாய்தாவுக்கு ஆள் இல்லை என்று பிடிவாரண்ட் பிறப்பது வெகு சாதாரணமாக நடக்கிறது.

பதில் 2: இருமொழி

வாக்குமூலம் பற்றியும் மொழிபெயர்ப்பாளர் வாய்தா பற்றியும் மட்டும் சொல்கிறேன்.

ஐ.நா.வின் 1966 குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆவது பிரிவு இரண்டு விஷயம் தருகிறது. குற்றச்சாட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இலவசம். இலவசம் என்றால் கடைசிவரை இலவசம்தான். குற்றவாளி என்று தீர்ப்பான பிறகுகூட அந்தச் செலவைக் கட்டச் சொல்லக்கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது, அது ஐரோப்பிய உடன்படிக்கையின் கீழ். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-ஆம் ஆண்டு உத்தரவு, காவல் நிலைய விசாரணைக்கும் முக்கிய ஆவணங்களின் எழுத்து மொழிபெயர்ப்புக்கும் அந்த உரிமையை நீட்டியது. மறுபக்கம், சவூதி, அமீரகம், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை 1966 உடன்படிக்கையில் சேரவில்லை. அங்கே அந்தந்த நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இனி வாக்குமூலம். கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் அதைக் கிழிக்க முடியாது, ஆனால் அதன் எடையைக் குறைக்க முடியும். முதலில் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அதில் நான்கு விஷயம் தேடுங்கள்: தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், மொழிபெயர்த்தவர் பெயரும் கையெழுத்தும், எந்த மொழியில் கேட்டார்கள் என்ற குறிப்பு, ‘படித்துக் காட்டப்பட்டது’ என்ற வரி. மொழிபெயர்த்தவர் பெயர் இல்லாமல் ‘படித்துக் காட்டப்பட்டது’ மட்டும் இருந்தால் வழக்கறிஞர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான். மொழிபெயர்த்தவர் அதே நிலையத்துக் காவலர், அல்லது புகார்தாரரின் நண்பர், அல்லது மேஸ்திரி என்றால் அதையும் ஆட்சேபமாக எழுதிக் கொடுக்கலாம். ஒலிப்பதிவோ காணொளிப் பதிவோ உண்டா என்று உடனே எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் பதிவுகள் குறிப்பிட்ட நாளுக்குப் பின் அழிந்துவிடும்.

பிறகு, நாமாக நம்பும் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து அந்த வாக்குமூலத்தை வரிவரியாகத் தமிழில் எழுத வேண்டும். எந்த வரி அவர் சொல்லாதது என்பது அப்போதுதான் தெரியும். தமிழிலிருந்து போகும்போது கெடும் இடங்கள் சில உண்டு, கையேட்டில் கட்டாயம் சேருங்கள். ‘ஆமா’ என்பதைக் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற பொருளில் போட்டுக்கொண்டே போவோம். காகிதத்தில் அது ‘ஒப்புக்கொண்டார்’ ஆகிவிடும். ‘நீ அடிக்கலையா?’ என்ற கேள்விக்கு ‘ஆமா’ என்றால் நமக்கு ‘ஆமாம், அடிக்கவில்லை’. வேறு மொழிக்காரர் ‘ஆம், அடித்தேன்’ என்று எழுதிவிடுவார். எழுவாய் இல்லாமலே பேசுவோம். ‘தள்ளினதுல விழுந்துட்டார்’ என்றால் தள்ளியது யார்? எழுதுபவர் தனக்குத் தோன்றிய ஆளை நிரப்பிக்கொள்வார். ‘அவங்க வந்தாங்க’ என்பது மரியாதையா, பல பேரா? ஒருவர் வந்தது கும்பலாக மாறினால் குற்றப் பிரிவே மாறும். ‘தெரியாது’ வேறு, ‘நினைவில்லை’ வேறு. விசாரணையில் முழு வாக்கியமாக, யார் என்ன செய்தார் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். ‘ஆமா’, ‘இல்ல’ என்று மட்டும் பதில் சொல்லவே கூடாது.

இன்னும் கையெழுத்துப் போடாதவர்களுக்கு: புரியாததில் கையெழுத்துக் கேட்டால், ‘எனக்கு இந்த மொழி படிக்கத் தெரியாது, மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், வரவில்லை’ என்று தமிழிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அதற்குக் கீழே கையெழுத்திடுங்கள். அந்த வரி பின்னால் பெரிய துணை.

மொழிபெயர்ப்பாளர் வராத வாய்தாவுக்குக் காரணம் பெரும்பாலும் சிறியது. கோரிக்கைப் படிவத்தில் நாட்டின் பெயரைப் பார்த்து வேறொரு மொழி எழுதியிருப்பார்கள். அல்லது முதல் நாளுக்கு மட்டும் ஏற்பாடு செய்துவிட்டு அடுத்த தேதிக்குச் செய்திருக்க மாட்டார்கள். மொழி, எந்த நாட்டுத் தமிழ் பேசுபவர், மொத்தம் எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகக் கோரிக்கை போட்டு, பத்து நாளுக்கு முன் நீதிமன்ற அலுவலகத்தில் உறுதி செய்யுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் காணொளி வழியாக வேறு நகரத்து மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

பதில் 3: தூதரக வழி

மூன்றாம் கேள்விக்கு: இப்போது சொன்னாலும் பயன் உண்டு. தாமதம் செய்யாமல் சொல்லுங்கள்.

1963-இன் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை, 36-ஆவது பிரிவு. கைதானவருக்கு இந்த உரிமை இருப்பதைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் துணைத் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும். தூதரக அதிகாரி சென்று பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம். கவனிக்க வேண்டிய சொல் ‘கேட்டால்’. கேட்காதவருக்காகத் தகவல் தானாகப் போகாது. சில இருதரப்பு ஒப்பந்தங்களில் மட்டும் கேட்காமலே அறிவிப்பது கட்டாயம். சீனர் ஒருவரோ பிரிட்டன்காரர் ஒருவரோ அமெரிக்காவில் கைதானால் அப்படித்தான்.

‘தாமதமின்றி’ என்றால் விலங்கு மாட்டிய நொடியில் என்று பொருள் அல்ல, வெளிநாட்டவர் என்று தெரிந்த உடனே என்று சர்வதேச நீதிமன்றம் 2004-இல் மெக்சிகோ தொடுத்த வழக்கில் விளக்கியது. 2019-இல் இந்தியா பாகிஸ்தான் மீது தொடுத்த வழக்கில், மூன்று வாரத்துக்கு மேல் கழித்து அறிவித்தது மீறல் என்றது. ஆனால் இந்த வழக்குகளில் கிடைத்த பரிகாரம் விடுதலை அல்ல, தீர்ப்பை மீளாய்வு செய்யும்படியான ஆணை. அதனால் ‘தூதரகத்துக்குச் சொல்லவில்லை, ஆகவே வழக்கே செல்லாது’ என்று யாரும் நம்பிவிட வேண்டாம். அந்த மீறலைப் பதிவில் ஏற்றுங்கள். அது வாக்குமூலத்துக்கு எதிரான வாதத்துக்குத் துணை நிற்கும், தனியாக வழக்கைத் தூக்காது.

தூதரகம் பிணைப்பணம் கட்டாது, நீதிமன்றத்தில் வாதாடாது, நீதிபதியிடம் சொல்லி முடிக்காது. அதே உடன்படிக்கையின் 55-ஆவது பிரிவு உள்நாட்டு விவகாரத்தில் தலையிடக்கூடாது என்கிறது. செய்யக்கூடியவை வேறு: வழக்கறிஞர் பட்டியல், சிறைச் சந்திப்பு, குடும்பத்துக்குத் தகவல், விசாரணையின்போது நீதிமன்றத்தில் பார்வையாளராக உட்காருவது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுத்துக் குறிப்பு அனுப்புவது. கடைசி இரண்டும் இழுபடும் வழக்கில் மெய்யாகவே வேலை செய்யும். அதிகாரி வந்து பின் வரிசையில் உட்கார்ந்தால் மொழிபெயர்ப்பாளர் பிரச்சினை சில சமயம் அடுத்த வாய்தாவிலேயே தீர்ந்துவிடும்.

போனில் அழுது சொன்னால் மட்டும் போதாது. மின்னஞ்சலில் முழுப்பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, கைதான நாளும் இடமும், காவல் நிலையக் குற்ற எண், நீதிமன்ற வழக்கு எண், அடுத்த வாய்தா, வழக்கறிஞர் தொடர்பு ஆகியவற்றை அனுப்புங்கள். கூடவே சம்பந்தப்பட்டவரின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம். அது இல்லாமல் தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி பெற்ற தாய்க்குக்கூட எதுவும் சொல்ல மாட்டார்கள். குடும்பங்கள் வாரக்கணக்கில் அலைவது இதனால்தான்.

மூன்று எச்சரிக்கை. சொந்த அரசுக்குப் பயந்து தஞ்சம் கேட்டிருப்பவர் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று மறுக்கலாம். வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னவருக்காகத் தூதரகமும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர், எந்த நாட்டில் கைதானாரோ அந்த நாட்டுக் குடியுரிமையும் வைத்திருந்தால், மற்ற நாட்டின் உதவி பெரும்பாலும் கிடைக்காது. பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கும்போது ‘தொலைந்துவிட்டது’ என்று புதிதாக விண்ணப்பிப்பது தனிக் குற்றம், பிணையும் ரத்தாகும். பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்றால் புதுப்பிக்க மட்டும் வெளியே தரும்படி நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். புதியது நேராக நீதிமன்றத்திடமே ஒப்படைக்கப்படும் என்று அதில் எழுதுங்கள்.

பதில் 4: அனுமதிச்சீட்டு

விசா பற்றி. நீதிமன்றம் ‘போகாதே’ என்கிறது. குடிவரவுத் துறை ‘இருக்காதே’ என்கிறது. இரண்டும் ஒரே அரசுதான், ஆனால் ஒன்றின் கணினி மற்றதைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பயணத் தடை இருப்பதாலேயே தங்கும் உரிமை வந்துவிடாது. அனுமதி முடிந்த மறுநாளிலிருந்து காலம் கடந்து தங்கிய குற்றம் ஓடத் தொடங்கும்.

ஐந்து மாதம் இருக்கிறது என்றால் மூன்றாம் மாதத்துக்குள் விண்ணப்பம் உள்ளே போக வேண்டும். பல நாடுகளில் வழக்குக்காகத் தங்குபவருக்குத் தனி அனுமதி உண்டு. சிங்கப்பூரில் அதற்கு ஸ்பெஷல் பாஸ் என்று பெயர். வேறு இடங்களில் இடைக்கால அனுமதி, பிரிட்ஜிங் விசா என்று இருக்கும். கூட வைக்க வேண்டியவை: பிணை உத்தரவின் சான்றிட்ட நகல், பாஸ்போர்ட்டை நீதிமன்றம் பெற்றுக்கொண்ட ரசீது, பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் சான்றிட்ட நகல், அடுத்த வாய்தாத் தேதி காட்டும் அறிவிப்பு, முகவரிச் சான்று. பாஸ்போர்ட் அசல் இல்லாமல் விண்ணப்பம் வாங்க மாட்டோம் என்று கவுண்டரில் திருப்பி அனுப்புவது வழக்கம். அதனால் அந்த ரசீதை முன்னமே கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். திருப்பி அனுப்பினால் அன்றே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். காலத்துக்குள் முயன்றார் என்பதற்கு அதுவே சான்று.

இன்னொன்று அடிக்கடி கலந்துபோகிறது. தங்கும் உரிமையும் வேலை செய்யும் உரிமையும் ஒன்றல்ல. இடைக்கால அனுமதியில் தங்கலாம், ஆனால் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. வாடகைக்கு வழியில்லை என்று தெரிந்தவர் கடையில் நாலு நாள் நின்றால் மூன்றாவது கோப்பு திறந்துவிடும். ஒப்பந்தம் முடியுமுன் நிறுவனத்திடம் சம்பள பாக்கி, பணிக்கொடை, அனுபவச் சான்று எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்தாவுக்குப் போகும் நாள்களுக்கு முன்கூட்டியே விடுப்புக் கடிதம் கொடுத்து நகல் வையுங்கள். சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று முதலாளி ‘ஓடிப்போனவர்’ புகார் கொடுத்தால், சவூதியில் ஹுரூப் என்பார்கள், அது குடிவரவில் தனி வழக்காக நிற்கும். பாஸ்போர்ட் முதலாளி கையில் இருந்தால் அது வேறு கதை. வீட்டு வேலையாட்களின் பயண ஆவணம் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை (2011) சொல்கிறது.

பிணையிலும் ஒரு பொறி. அமெரிக்கா போன்ற இடங்களில் உள்ளூர்ச் சிறையிலிருந்து விடுவிக்குமுன் 48 மணி நேரம் பிடித்து வைக்கும்படி குடிவரவுத் துறை கோரலாம், அதில் வார இறுதியும் விடுமுறையும் சேராது. பிணைப்பணம் கட்டிய கையோடு ஆள் குடிவரவுத் தடுப்புக்காவலுக்கு மாறிவிடுவார். அங்கிருந்து குற்றவியல் வாய்தாவுக்குப் போக முடியாமல், வராதவர் என்று பதிவாகி, கட்டிய பணமும் போகும். பணம் கட்டுமுன் அப்படியொரு கோரிக்கை கோப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்த்தாக வேண்டும். எல்லா நாட்டிலும் பிணை உடனே கிடைக்காது என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். ஜப்பானில் குற்றம் சாட்டுமுன் 23 நாள் வரை காவலில் வைக்கலாம், அந்த நாள்களில் பிணையே கிடையாது.

‘எல்லையைத் தாண்டி ஓடிவிடலாம்’ என்ற யோசனை சொல்பவர் எங்கும் இருப்பார். ஓடினால் கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரர் பணம் கட்டுவார், பிடிவாரண்ட் நிலைத்து நிற்கும், பெரிய குற்றமானால் இன்டர்போல் சிவப்பு அறிவிப்பும் (ஆளைத் தேடிப் பிடிக்கும்படி பல நாட்டுக் காவல்துறைக்கும் போகும் அறிவிப்பு) வரலாம். அந்த அறிவிப்பை நீக்கக் கேட்டு லியோனில் உள்ள இன்டர்போல் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு மனுக் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. மனு ஏற்கப்பட்ட பிறகு முடிவுக்கு விதிப்படி ஒன்பது மாதம்.

மறுகேள்வி: கலங்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஐந்தாம் கேள்வி மட்டும் நிற்கிறது. போய்வர அனுமதியும், வழக்கை வேகப்படுத்துவதும். தாமதத்தைக் காட்டி வழக்கையே தள்ளுபடி செய்ய முடியுமா?

பதில் 5: வக்காலத்து

முதலில் பயணம். பயணத் தடையை நீக்கச் சொல்லாதீர்கள், தற்காலிகமாகத் தளர்த்தச் சொல்லுங்கள். மனுவில் போகும் நாள், திரும்பும் நாள், விமான எண், தங்கும் முகவரி, போன் எண் இருக்கட்டும். மருத்துவச் சான்று மருத்துவமனைத் தாளில், சிகிச்சை நாள்களோடு, தேவைப்பட்டால் அப்போஸ்டில் முத்திரையோடு (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்பட அரசு தரும் சான்று). கூடுதல் ரொக்க வைப்பு, இரண்டாவது ஜாமீன்தாரர், ஊரில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்தில் நேரில் வந்து கையெழுத்திடுகிறேன் என்ற உறுதி ஆகியவற்றை நீங்களாகவே முன்வையுங்கள். இரண்டு வாய்தாவுக்கு நடுவில் வரும் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரம் கேட்டால் கிடைக்கலாம், ‘நிலைமையைப் பார்த்து’ என்றால் கிடைக்காது.

உத்தரவு கிடைத்ததும் விமானம் ஏறிவிடக் கூடாது. திரும்பி நுழைய விசா இருக்கிறதா? வெளியேறினால் இடைக்கால அனுமதி செத்துவிடும் நாடுகள் பல. போனவர் திரும்ப முடியாமல் ஊரில் நிற்பார், நீதிமன்றமோ அவரைத் தப்பியோடியவர் என்று எழுதும். மறுநுழைவு அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகே பயணம்.

தூதரகம் உறுதிமொழிச் சான்று தந்தால்தான் பிணை என்று நிபந்தனை போடும் பழக்கமும் உண்டு. வெளிநாட்டவருக்குப் பிணை தர அதைக் கட்டாய நிபந்தனையாக்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது. தூதரகம் தருவதும் தராததும் அவர் கையில் இல்லையே. இருக்கும் இடத்தைக் கூகுள் வரைபடத்தில் காவலருக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே தீர்ப்பு நீக்கியது. வேறு நாட்டு நீதிமன்றம் அதற்குக் கட்டுப்படாது, ஆனால் வாதத்தின் போக்கைக் காட்ட உதவும்.

இனி தாமதம். தள்ளுபடி ஆகுமா என்றால், கனடாவில் அதற்குக் கணக்கே உண்டு. 2016-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மாகாண நீதிமன்றத்துக்கு 18 மாதம், மேல்நிலை நீதிமன்றத்துக்கு 30 மாதம் என்று எல்லை வகுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பால் வந்த தாமதம் அதில் கழிக்கப்படும். அமெரிக்காவில் 1972 தீர்ப்புப்படி நாலு விஷயம் பார்ப்பார்கள்: எவ்வளவு தாமதம், யாரால், குற்றம் சாட்டப்பட்டவர் விரைவு விசாரணை கேட்டாரா, தாமதத்தால் அவருக்கு என்ன கேடு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏறக்குறைய இப்படித்தான், வழக்கின் சிக்கலையும் சேர்த்துப் பார்க்கும். இத்தாலியில் 2001-இன் பின்டோ சட்டப்படி தாமதத்துக்கு இழப்பீடு கேட்கலாம், வழக்கு போகாது.

இவற்றில் நம் கையில் இருப்பது ‘கேட்டாரா’ என்ற ஒன்றுதான். வாய்மூடி இருந்தவர் தாமதத்துக்குச் சம்மதித்தவராகத் தெரிவார். அதனால் முதல் நாளிலிருந்து ஒரு வாய்தாப் பட்டியல் எழுதுங்கள். தேதி, நீதிபதி இருந்தாரா, தள்ளிவைத்த காரணம், கேட்டது யார், நம் தரப்பு ஆட்சேபித்ததா. ஒவ்வொரு தள்ளிவைப்பிலும் ‘நாங்கள் தயார், தாமதத்தால் விசா இந்தத் தேதியில் முடிகிறது’ என்று வழக்கறிஞர் எழுத்தில் தர வேண்டும். விசாத் தேதி பதிவில் இருந்தால் கேடு என்ன என்று பின்னால் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. நம் வழக்கறிஞரே இரண்டு வாய்தா கேட்டிருந்தால் அந்தக் காலம் நம் கணக்கில்தான் ஏறும், ஆகவே அவர் ஏன் கேட்கிறார் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

சாட்சி வேறு நாட்டுக்குத் திரும்பிவிட்டால் வழக்கு நெடுங்காலம் தூங்கும். சாட்சியின் நாட்டுக்கு அரசு வழியாகக் கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்காகும். காணொளிச் சாட்சியம், அல்லது சாட்சி ஊருக்குப் போகுமுன்னே வாக்குமூலத்தை நீதிபதி முன் பதிவு செய்தல், இரண்டில் ஒன்றை ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும். அறைத்தோழர்தான் ஒரே சாட்சி, அவர் விசா அடுத்த மாதம் முடிகிறது என்றால், அது அவசர மனுவுக்குரிய விஷயம்.

பதில் 6: தூதரக வழி

ஒன்று விட்டுப்போயிற்று. தண்டனையே ஆகிவிட்டால், மீதியைச் சொந்த நாட்டில் கழிக்கக் கைதிகள் பரிமாற்ற ஒப்பந்தங்கள் உண்டு. ஐரோப்பிய அவையின் 1983 உடன்படிக்கையில் பிற கண்ட நாடுகளும் சேர்ந்திருக்கின்றன. தீர்ப்பு இறுதியாக வேண்டும், பொதுவாக ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும், அந்தச் செயல் இரு நாட்டிலும் குற்றமாக இருக்க வேண்டும், கைதியும் இரு அரசுகளும் சம்மதிக்க வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தீர்ப்பு இறுதியாகாது. மேல்முறையீடா பரிமாற்றமா என்று முதலிலேயே வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

பதில் 7: அனுமதிச்சீட்டு

வழக்கு நல்லபடி முடிந்தாலும் தடை தானாக நீங்காது. விடுதலைத் தீர்ப்பு ஒரு அலுவலகத்தில், பயணத் தடை வேறொரு அலுவலகத்தின் கணினியில். மேல்முறையீட்டுக் காலம் கழிந்ததும் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு, தடை நீக்க உத்தரவு தனியாக ஒன்று, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும் உத்தரவு ஒன்று, ஜாமீன் பணம் திரும்பப் பெறும் உத்தரவு ஒன்று கேளுங்கள். தடை நீக்க உத்தரவு குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று வழக்கறிஞர் மூலம் உறுதி செய்த பிறகே டிக்கெட். இடைக்கால அனுமதிக் காலத்துக்குக் காலங்கடந்த அபராதம் கணினியில் நிற்கிறதா என்றும் அதே சமயம் பாருங்கள், வழக்கைக் காட்டித் தள்ளுபடி கேட்கலாம். விமான நிலையத்தில் தெரிந்தால் விமானமும் போகும், அந்த இரவு தடுப்பு அறையிலும் போகும். தீர்ப்பு நகலை மொழிபெயர்த்துக் கைப்பையிலேயே வைத்திருங்கள். அடுத்த விசா விண்ணப்பத்தில் ‘எப்போதாவது கைதானதுண்டா?’ என்று கேட்கும்போது ‘ஆம்’ என்று எழுதி, அந்த நகலை இணைக்க வேண்டியிருக்கும். விடுதலையானவர் ‘இல்லை’ என்று எழுதினால் மறைத்ததற்காக மறுப்பார்கள்.